வேலமரத்துப் பை

“ஹம்தா, உன் காலுக்குத் தூக்கமே வராதா?” என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருமுறை அவளிடம் கேட்டார்.

ஹம்தா அதைப் பற்றி நெடுநேரம் யோசித்தாள். மறுநாள் காலையில் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் போய், “தூங்கும் சார். ஆனா எனக்கு முன்னாடியே முழிச்சுக்கும்,” என்று மெல்லச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடிவந்துவிட்டாள்.

அவளுக்குப் பதினொரு வயது. பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நடக்கச் சொன்னால் நிறுத்தவே முடியாது.

அவளுடைய அப்பா அத்வா, சினாய்ப் பாலைவனத்துக்கு மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டி. குளிர்கால விடுமுறையில் முதல் முறையாக ஹம்தாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

“மூணு நாள்,” என்றார் அப்பா. “வந்தவங்க மனசு கோணாம, எந்த வம்பும் இல்லாம திரும்பி வந்தா, அடுத்த தடவையும் உன்னக் கூட்டிட்டுப் போவேன். இல்லேன்னா ஆடுங்களோட வீட்லயே கெட.”

ஹம்தா தலையை ஆட்டினாள். இந்த ஒன்றுக்காக அவள் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள்.

வந்தவர்கள் இரண்டே பேர்தான். கெய்ரோவிலிருந்து நெவீன் என்ற பல் டாக்டர், அவருடைய பத்து வயது மகன் ஷாதி. டாக்டரம்மா எதைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார். அப்பாவின் ஒட்டகத்துக்குக்கூட வாயைத் திறந்து பார்த்து, “கீழ் வரிசை பரவாயில்லை,” என்றார்.

ஷாதி வேறு ரகம். அவன் பள்ளியில் சுத்தக் குழுவின் தலைவன். பெரிய பச்சைப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கண்ணில் படும் குப்பையை எல்லாம் பொறுக்கிக்கொண்டே வந்தான்.

“முந்தா நாள் வந்தவங்க போட்டது,” என்று ஒரு நசுங்கிய மீன் டப்பாவைத் தூக்கிக் காட்டுவான். “இவங்களுக்கெல்லாம் அம்மா இல்லையா?”

இரண்டாம் நாள் காலையில் டாக்டரம்மாவின் குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது. அவர் நொண்டி நொண்டி நடந்தார். ஷாதி அவரோடு பின்னால் வந்தான். அப்பா ஒட்டகத்தோடு நடுவில். ஹம்தா எல்லாருக்கும் முன்னால் ஓடி, ஒரு பாறையில் ஏறி, இறங்கி, அடுத்த பாறைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள்ளாகவே ஒரு பெரிய பாறையின் நிழலில் கூடாரம் போட்டார்கள். அப்பா தோல் பைகளை ஒட்டகத்தின் மேல் கட்டி, சுனையில் தண்ணீர் கொண்டுவரக் கிளம்பினார். டாக்டரம்மா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிட்டார். ஹம்தா தீ மூட்டி, சாம்பலில் புதைத்துச் சுட வேண்டிய ரொட்டிக்கு மாவு பிசைந்தாள்.

ஷாதி பச்சைப் பையை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

“காகிதமும் துணியும் எரிச்சிடலாம்னு உங்கப்பா சொன்னாரு. டப்பாவ மட்டும் ஊருக்கு எடுத்துட்டுப் போயிடணும். சரியா?”

“ம்.”

“இன்னிக்கு ஒண்ணு கெடச்சுது பாரு! நம்பவே மாட்ட. மரத்துல தொங்கவிட்டுட்டுப் போயிருக்காங்க. மரத்துல!”

அவன் கையில் இருந்ததைத் தீயில் போட்டான். பழைய கோணிப் பை. மேலே ஏழெட்டு ஒட்டு. ஆட்டு முடிக் கயிற்றால் இறுகக் கட்டிய வாய்.

ஹம்தாவின் கை மாவோடு தீக்குள் பாய்ந்தது. பையை வெளியே இழுத்து மணலில் போட்டு அமுக்கினாள். ஒரு மூலை கருகிப் புகைந்தது.

“என்னாச்சு? கை சுட்டுடுச்சா?” ஷாதி பதறினான்.

“எந்த மரம்?”

“காலைல ஓடை திரும்புற எடத்துல, குடை மாதிரி ஒரு வேலமரம். ஏன்?”

கேட்டால் எதிரே இருக்கும் மலைகூடச் சொல்லும், வேலமரத்தில் தொங்கும் பொருளை யாரும் தொடமாட்டார்கள் என்று. அவளுடைய மாமாவின் அடுப்பு ஒரு கோடை முழுக்க மரத்தில் தொங்கியது. ஊரே அதைத் தாண்டிப் போய்வந்தது. பாலைவனத்தில் பூட்டு கிடையாது. மரம்தான் பூட்டு. அதைத் திறந்தவனுக்கு ஒரு வீட்டிலும் டீ கிடைக்காது.

இதை அவள் ஷாதியிடம் சொல்ல முடியுமா? விருந்தாளியிடம் ‘நீ தப்பு செய்தாய்’ என்று சொல்வது அதைவிடப் பெரிய தப்பு. சொல்ல வந்தது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது.

அப்பாவிடம் சொல்லலாமா? பயணத்தை நிறுத்திவிட்டு, பைக்குச் சொந்தக்காரரைத் தேடிப் போய், எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்பார். ‘அத்வா கூட்டிவந்த ஆட்கள் மரத்தில் கைவைத்தார்கள்’ என்ற பேச்சு அவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். பிறகு யாரை நம்பி யார் வருவார்கள்?

பை கனமாக இருந்தது. உள்ளே மாவு போல ஏதோ நெகிழ்ந்தது. யாரோ பசியோடு இதை நினைத்துக்கொண்டே நடந்து வருவார்கள்.

ஹம்தா மாவைத் துணியால் மூடினாள். கை கழுவக்கூட நிற்கவில்லை.

“வா. விறகு பொறுக்கிட்டு வரலாம்.”

“எவ்ளோ தூரம்?”

“பக்கந்தான்.”

“நேத்தும் பக்கம்னுதான் சொன்ன. ரெண்டு மலை தாண்டினோம்.”

“அது ரொம்பப் பக்கம். இது வெறும் பக்கம்.” அவள் திரும்பி, “டாக்டரம்மா, நாங்க விறகுக்குப் போறோம்!” என்றாள்.

“தண்ணி எடுத்துக்கோங்க. இனிப்பு திங்காதீங்க,” என்று தொப்பிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

ஹம்தா கோணிப் பையைச் சால்வைக்குள் இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள். ஷாதிக்கு மூச்சு வாங்கியது.

“அந்தக் குப்பைய எதுக்குத் தூக்கிட்டு வர்ற?”

ஹம்தா இன்னும் வேகமாக நடந்தாள். ஒரு குச்சியைப் பொறுக்கினாள். பத்தடி தாண்டி இன்னொன்று. நின்று பொறுக்க அவளால் முடியவில்லை. வெயில் மலை முகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் வெயிலைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள், மறுபடி வெயிலைப் பார்த்தாள்.

மரம் தெரிந்ததும் ஓடினாள். பக்கத்தில் போனதும் சட்டென்று நின்றாள்.

மணலில் புதிய காலடிகள்.

ஒரு பெண்ணின் செருப்பு. கூடவே பத்துப் பன்னிரண்டு ஆடுகள். அந்தப் பெண் மரத்தை மூன்று முறை சுற்றியிருக்கிறாள். கிளைக்கு அடியில் நெடுநேரம் நின்றிருக்கிறாள். அங்கே குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தது. பிறகு ஷாதியின் காலடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கடைசியில் ஆடுகள் போன பக்கமாக ஓடியிருக்கிறாள்.

“வந்துட்டுப் போயிட்டாங்க,” என்றாள் ஹம்தா, தனக்குத்தானே.

“யாரு?” ஷாதி அவள் முகத்தைப் பார்த்தான். பையைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. “இது... குப்பை இல்லையா?”

ஹம்தா பையைக் கிளையில் கட்டினாள்.

“ஹம்தா, நான் திருடிட்டேனா?”

“சேச்சே. சுத்தம் பண்ணின. கொஞ்சம் கூடுதலாப் பண்ணிட்ட.”

ஷாதி வாயைப் பொத்திக்கொண்டான். அதன் பிறகு மணலில் நுனிக்காலால் நடந்தான், முட்டைகளின் மேல் நடப்பதுபோல.

அப்போதுதான் ஹம்தா அந்த நட்சத்திரங்களைக் கவனித்தாள். ஷாதியின் பூட்ஸ் அடியில் நட்சத்திரம் போட்டிருந்தது. மரத்தைச் சுற்றி வானம் இறங்கிவிட்டதுபோல எங்கு பார்த்தாலும் நட்சத்திரம். இந்தப் பாலைவனம் முழுக்க இப்படி ஒரு பூட்ஸ் வேறு எவரிடமும் கிடையாது.

அவள் ஒரு காய்ந்த புதரை ஒடித்தாள். பரபரவென்று மணலைப் பெருக்க ஆரம்பித்தாள். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கொஞ்ச தூரம் பெருக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தவள், அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன? நல்லா சுத்தமாத்தானே இருக்கு?” என்றான் ஷாதி.

“அதான்! இந்தப் பாலைவனத்துல மணலப் பெருக்குறது யாரு? திருடன்தான் பெருக்குவான். ரெண்டு வயசுக் கொழந்தகூடப் பாத்துட்டுச் சிரிக்கும்.”

“அப்போ மறுபடியும் கலைச்சிடலாமா?”

“ஐயோ, நீ வேற.”

காற்று வந்தது. பை மெல்ல ஆடியது. கருகிய மூலை எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தது.

ஹம்தா புதரைத் தூக்கி எறிந்தாள். பொறுக்கிய குச்சியில் ஒன்றை எடுத்து, பைக்கு நேர் கீழே மணலில் வளைந்த கோடு ஒன்று போட்டாள். அதன் அடியில் இரண்டு புள்ளி.

“இது என்ன?”

“எங்க ஒட்டகத்தோட சூட்டுக்குறி. தாகம் தாங்காம ஒருத்தர் மரத்துலேர்ந்து தண்ணி எடுத்தாருன்னு வையி, கீழ அவர் குறியப் போட்டுட்டுப் போகணும். ‘தொட்டது நாங்கதான், வந்து கேளுங்க’ன்னு அர்த்தம்.”

“உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா?”

“தெரியத்தான் போகுது,” என்றாள் ஹம்தா. இனி ஒளிக்க எதுவும் மிச்சமில்லை. “நுனிக்கால்ல நடக்காத. நல்லா மிதிச்சு நட.”

ஷாதி கொஞ்சம் யோசித்தான். பிறகு குனிந்து, சாக்ஸுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். எள் அல்வா, கொஞ்சம் நசுங்கியது.

“சாக்ஸுக்குள்ளயா?”

“எங்கம்மா பல் டாக்டர். வேற எங்க வைக்க முடியும்?” அவன் எக்கி, பையின் பக்கத்துக் கிளையில் பொட்டலத்தைச் செருகினான்.

அப்போது ஆடுகளின் சத்தம் கேட்டது.

ஓடைத் திருப்பத்தில் கருப்பு உடையில் உயரமான ஒரு பெண் வந்தாள். முகத்தில் துணி. கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்கள் பையைப் பார்த்தன, கருகிய மூலையைப் பார்த்தன, பெருக்கிய மணலைப் பார்த்தன. கடைசியில் குறியில் வந்து நின்றன.

ஹம்தாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“அத்வா மகளா நீ?”

“ஆமா அத்தை.”

“எங்கெங்க தேடுறது? இது கெடைக்கலேன்னா இன்னிக்கே ஆடுகளத் திருப்பிக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேல புல்லு வெளஞ்சு கெடக்கு, ஒரு வாரத்துச் சாப்பாடு இதுக்குள்ள இருக்கு.” அவள் குரல் உயர்ந்தது. “சாயங்காலம் உங்க கூடாரத்துக்கு வந்து, எல்லார் எதிர்லயும் உங்கப்பனக் கேக்குறதா இருந்தேன். யாரு எடுத்தது?”

“நாங்க அத்தை,” என்றாள் ஹம்தா. “எங்க சாமானோட கலந்து வந்துடுச்சு. தீயிலயும் பட்டுடுச்சு. நாங்கதான்.”

“நாங்கன்னா யாரு?”

ஷாதிதான் ஓரடி முன்னால் வந்தான்.

“நான். குப்பைன்னு நெனச்சுட்டேன்.”

“குப்பையா?” அந்தப் பெண் பையைக் கிளையிலிருந்து அவிழ்த்து, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்களின் ஓரம் சுருங்கியது. “இது என் மாமியார் தச்ச பை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் இதத்தான் சொல்றேன். எங்க வீட்ல ஒருத்தராச்சும் கேட்டாங்களா?”

துணிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. ஷாதிக்குப் பயம் போய், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விக்கல் வந்துவிட்டது.

அவள் பை வாயின் முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள். யாரும் அவிழ்க்கவில்லை. பையைத் தோளில் போட்டாள். பொட்டலத்தைக் கிளையிலிருந்து உருவி, “இதுவும் கலந்து வந்ததா?” என்று கேட்டாள்.

“இல்ல. அது உங்களுக்கு,” என்றான் ஷாதி.

பாதியை உடைத்து அவன் கையில் வைத்தாள். மீதியை எடுத்துக்கொண்டாள். “குறி போட்டுட்டீங்க. கணக்கு முடிஞ்சுது. போங்க, இருட்டுறதுக்குள்ள கூடாரம் போய்ச் சேருங்க.” நாக்கை மடித்து ஆடுகளை அழைத்தபடி மலைப் பக்கம் நடந்தாள்.

ஷாதி அல்வாவை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றான். “ஹம்தா. உங்கப்பா.”

அப்பா ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். தண்ணீரோடு கூடாரத்துக்குப் போய், பிள்ளைகளைக் காணாமல் காலடியைப் பிடித்து வந்திருக்கிறார். கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டார். ஹம்தாவைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்தார்.

அவர் படித்துக்கொண்டே வருவது ஹம்தாவுக்குத் தெரிந்தது. காலையில் வந்த நட்சத்திரங்கள். மூன்று சுற்று சுற்றிய செருப்பு. ஓடிவந்த சின்னக் கால்கள். பெருக்கிய இடம் வந்ததும் ஒரு புருவம் உயர்ந்தது. ஹம்தா குனிந்துகொண்டாள்.

பிறகு அவர் குறிக்கு எதிரே வந்து நின்றார். அங்கே ரொம்ப நேரம் நின்றார்.

“மாமா, நான்தான்...” என்று ஷாதி ஆரம்பித்தான்.

அப்பா அவன் தலையில் கைவைத்து, கோணலாக இருந்த தொப்பியைச் சரியாக மாட்டிவிட்டார். கீழே கிடந்த விறகை அள்ளித் தன் தோளில் போட்டுக்கொண்டார். ஒட்டகத்தின் கயிற்றை, இதுவரை யார் கையிலும் கொடுக்காத அந்தக் கயிற்றை, ஹம்தாவின் கையில் வைத்து அவள் விரல்களை மடக்கினார்.

மணலில் போட்ட குறியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, அவர் முன்னால் நடந்துபோனார்.