மூன்று பேருக்கான பக்கேஜ்

தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்திலேயே மருமகளின் கோபம் மதலேனாவுக்கு விளங்கிவிட்டது.

"அக்காவோட வீடியோவில கதைச்சுக்கொண்டிருக்கேக்க நிண்டிட்டுது, மாமி. மாசம் பிறந்து பத்து நாள்தான், அதுக்குள்ள டேட்டா முடிஞ்சுது." டிலுசா கைபேசியை நீட்டினாள். "முந்தின பக்கேஜும் இதே விலைதானே. அது மாசம் முழுக்கப் போதுமாயிருந்தது. ஏன் மாத்தினனீங்கள்?"

"மாத்த வேண்டி வந்தது, பிள்ளை."

"அதைத்தான் கேக்கிறன். ஏன்?"

மதலேனா குனிந்து அடுப்பை ஊதினாள்.

"எனக்குத் தெரியும். நான் என்ர ஆக்களோட கதைக்கிறது உங்களுக்குப் பிடிக்கேல்லை." டிலுசாவின் குரல் உடைந்தது. "தாய் இல்லாத பிள்ளை, தமக்கையோடயாவது கதைக்கட்டும் எண்டு உங்களுக்குத் தோணேல்லையே..."

முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த அந்தோனிமுத்து தலையை நிமிர்த்தாமலே மனைவியை ஏசினார். "ஒருத்தரையும் கேளாமல் தன்ர எண்ணத்துக்குச் செய்வாள். வயித்துப் பிள்ளையோட இருக்கிறவளை விடியக் காலமை அழவைக்கிறியே, உனக்கு நெஞ்சு இல்லையா?"

மதலேனா இன்னொரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள். போன மாதம் கிளினிக்கில் தாதி மிஸ்ஸி அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "மருமகளுக்குப் பிறசர் கூடிக்கொண்டு போகுது, அம்மா. பயப்பிடுத்திற கதை ஒண்டும் காதில விழ விடாதேங்கோ."

அதே கிழமைதான் அடுத்த கரை மீனவர் தில்லைநாதன் எஞ்சின் பழுதாகி இரண்டு நாள் கடலில் மிதந்துவிட்டு உயிரோடு வந்து சேர்ந்தார். பார்க்கப் போன மதலேனாவிடம் அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "கையில போன் இருந்தது, தங்கச்சி. சிக்னல் ஒரு கோடும் விழேல்லை." அன்றிலிருந்து மகன் டிலக்ஸன் கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் படகு திரும்பும்வரை அவளுக்குப் பயம்தான். அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

வழக்கமாக எட்டு மணிக்குக் கரைக்கு வரும் டிலக்ஸன் டிலுசா அழுத அந்தக் காலை ஒன்பதாகியும் வரவில்லை. வாடைக்காற்று பனைகளைப் பிடித்து உலுப்பியது. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக நாயாற்றுக் கரையில் ஏறின. கரைக்கு ஓடி வந்த மதலேனா எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மகனின் நீலப் படகு இல்லை.

டிலுசாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டாள். "எத்தினை தரம் எடுத்திட்டன், மாமி, போகுதில்லை. என்ர போன்தான் பிழையோ தெரியாது. உங்கட போனில எடுத்துப் பாருங்கோ."

"என்னட்டைப் போன் இல்லை, பிள்ளை."

"எங்க அது?"

"புதுப் பக்கேஜ் மூண்டு பேருக்குத்தான், என்ரதை நிப்பாட்டிப்போட்டன். நாலாவது ஆளையும் சேர்த்தால் எங்களால கட்ட ஏலாது. அவன் கடலில நிக்கிறவன், மாமா மீனவர் சங்கத்துக்கு ஓடித் திரியிறவர், நீ இந்த நிலைமையில இருக்கிறாய். நான் வீட்டிலதானே..."

நெளுக்குளத்தில் கட்டிக்கொடுத்த மதலேனாவின் மகள் நிதர்சனா பத்து நாளாக டிலுசாவின் போனுக்கே எடுத்து, "அம்மாட்டைக் குடுங்கோ" என்று கேட்டது ஏன் என்று டிலுசாவுக்கு இப்போதுதான் விளங்கியது. வாய் திறக்குமுன் கையிலிருந்த போன் அதிர்ந்தது.

ஸ்பீக்கரில் டிலக்ஸனின் குரல் காற்றில் அறுந்து அறுந்து வந்தது. "எஞ்சின் நிண்டிட்டுது... செம்மலைக்கு நேர, வெளிக்கடலில... தண்ணி உள்ள வருது... சஜீவனை வரச் சொல்லு..."

அவ்வளவுதான். தொடர்பு அறுந்தது.

மதலேனா ஒரு கையால் மருமகளை அணைத்துக்கொண்டு, கரையில் நின்ற மகனின் கூட்டாளி சஜீவனைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னாள். மண்ணெண்ணெய்க் கானோடு ஓடிவந்த சஜீவன் படகில் ஏறும்போது டிலுசாவைப் பார்த்துச் சொன்னான்.

"இடம் தெரிஞ்சிட்டுது, தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. முந்தின சிம் எண்டால் அங்க ஒரு கோடும் விழாது. மாமி ஒரு கிழமையா இஞ்ச வந்து, போட்டில இருந்து இறங்கின ஒவ்வொருத்தரையும் மறிச்சுக் கேட்டவா, எந்தச் சிம் எந்த இடம்வரைக்கும் இழுக்குதெண்டு. நாங்கள் சிரிச்சுப் பகிடி பண்ணினனாங்கள்."

படகு அலையை வெட்டிக்கொண்டு போனது. அவர்களைத் தேடி வந்து பக்கத்தில் நின்ற அந்தோனிமுத்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்க்க முடியாமல் கடலைப் பார்த்தார்.

இரண்டு மணித்தியாலம். மதலேனா மாதாவைக் கூப்பிட்டபடி கடலைப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு வெள்ளை அலையும் கவிழ்ந்த படகாகத் தெரிந்தது. மருமகளின் மணிக்கட்டை அவள் பிடித்திருந்தாள். அந்த நாடி துடித்த வேகம் அவளை இன்னும் பயமுறுத்தியது. பிள்ளைக்கு ஏதும் ஆனால்... மகன் வராமல் போனால்... அதற்குமேல் நினைக்க அவளால் முடியவில்லை.

"வருகுது," என்றார் அந்தோனிமுத்து மெதுவாக. "ரெண்டு போட்."

முன்னால் சஜீவன் வந்தான். பின்னால் கயிற்றில் இழுபட்டு நீலப் படகு வந்தது. அதற்குள் நின்றபடி ஒருவன் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். மகன்தான். மதலேனா மணலில் அமர்ந்தாள்.

அந்தோனிமுத்து குனிந்து அவள் தோளைத் தொட்டார். "என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே, மதலேனா. நான் வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டன்."

"சொன்னால் உங்கட முகத்தில இவள் கண்டுபிடிச்சிடுவாள்," என்றாள் அவள்.

டிலுசா வயிற்றுப் பாரத்தோடு மெல்லக் குனிந்து, பக்கத்தில் மணலில் அமர்ந்து, மாமியின் மடியில் முகத்தைப் புதைத்தாள். அழுகையில் உடம்பு குலுங்கியது.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மாமி. என்னென்ன சொல்லிப்போட்டன்... நீங்கள் ஒண்டுமே திருப்பிச் சொல்லேல்லையே."

"நீ பயப்பிடக்கூடாது, பிள்ளை. நான் பயந்தது போதும்."

டிலுசா நனைந்த முகத்தை நிமிர்த்தினாள். "இனித் தனியப் பயப்பிடாதேங்கோ. என்னையும் கூப்பிடுங்கோ."

மதலேனா மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இத்தனை நேரம் வராத கண்ணீர் இப்போதுதான் வந்தது.