இரண்டு ஜோடி சாரோல்

ஞாயிறு பிற்பகல் நாலு மணிக்கு எவரிஸ்தோ டாங்கோ கூடத்தின் மாடிப்படி ஏறினார். காலில் சாரோல் ஷூ. கண்ணாடி மாதிரி மின்னும் தோல். குனிந்தால் தன் மீசையையே அதில் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பகட்டுக்காகத்தான் புவெனஸ் ஐரிஸ் ஆண்பிள்ளைகள் அதன்மேல் உயிரை விடுகிறார்கள்.

ஆனால் சாரோலைக் கட்டி மேய்ப்பது லேசுப்பட்ட காரியமல்ல. ஒன்றோடொன்று பட்டால் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய துணியால் துடைத்து, ஆடுமுன் வாஸ்லின் பூசி, தனித்தனிப் பையில் வைக்க வேண்டும். இதையெல்லாம் மனைவி தெல்மீராதான் பார்த்துக்கொண்டாள். அவள் செத்து இரண்டு வருஷம். கணுக்கால் வார் வைத்த அவளுடைய ஜோடியையும் தன்னுடையதையும் ஒரே பையில் திணித்து, அந்துருண்டை போட்டு அலமாரியில் போட்டிருந்தார் மனிதர். இரண்டு கோடையில் இரண்டு ஜோடியும் ஒட்டிப்போயின. இன்று காலை பிடித்து இழுத்துப் பிய்த்தார். அவருடையது தப்பித்தது. அவளுடையது தோலுரிந்துபோனது. குப்பையில் போட்டுவிட்டுக் கிளம்பிவந்தார்.

பாவி மனுஷன்.

அவருக்கு அவசரம். ஞாயிறுதோறும் அவரோடு ஆடும் ஒதீலியா நாளைக்குத் தன் மகள் வீட்டோடு இருந்துவிட மெந்தோசா ஊருக்குப் போகிறாள். இன்று கேட்டால்தான் உண்டு.

எதிர் மேசையில் இருந்த அவள் கண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். அவளும் அசைத்தாள். இரண்டு பேரும் ஆட இறங்கினார்கள்.

முதல் பாட்டு பாதி ஓடியிருக்கும்.

பச்சக்.

அவருடைய வலது ஷூ எதிலோ ஒட்டிப் பிரிந்தது.

"வாஸ்லின் பூசலையா? கஞ்சப்பிசினாரி" என்று ஒதீலியா சிரித்தாள்.

"பூசினேனே."

பச்சக்.

குனிந்து பார்த்தார். ஒதீலியா போட்டிருந்தது துணி ஷூ. துணியில் சாரோல் ஒட்டவே ஒட்டாது.

இருவருக்கும் நடுவிலிருந்து அந்துருண்டை வாசனை எழுந்தது.

"யாரு நடுவுல வர்றது?" அவள் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது.

"யாருமில்ல. வா, வெளிய போயிடலாம்."

படிக்கட்டில் வைத்து, மூச்சு வாங்க, சொல்லிவிட்டார்.

"மெந்தோசாவுக்குப் போகாத. எங்கூடவே இருந்துடு. தனியா இருக்க முடியல."

"இதைக் கேக்க உனக்கு இத்தன நாளா? நான் பெட்டிகூடக் கட்டலப்பா."

எவரிஸ்தோவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். கை கோத்துக்கொண்டு இறங்கினார்கள். மூன்றாவது படியில் அவள் நின்றாள்.

"என்ன?"

"கணுக்கால்ல யாரோ வாரப் போட்டு இறுக்குறாங்க."

அவள் ஷூவில் வாரே கிடையாது. வெறும் கணுக்காலில், விரல் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு தடம் பதிந்துகொண்டிருந்தது. அவர் கண்ணெதிரே அது இன்னும் ஒரு துளை இறுகியது.

"வலிக்குது. கழட்டி விடேன்."

மண்டியிட்டுத் தடவிப் பார்த்தார். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

மேலே அடுத்த பாட்டு தொடங்கியது.

ஒதீலியாவின் கால் தானாகத் திரும்பியது. அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு "என்ன விட்டுடாத" என்றாள். கால் மட்டும் படியேறிக்கொண்டிருந்தது.