பதிமூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி

செல்போன் அதிர்ந்தது.

வாட்ஸ்அப் திரையில் புருஷனின் வெளிநாட்டு எண். டிராவல்ஸ் ஆபீஸில் கஸ்டமரின் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் அதை மூடி வைத்துவிட்டு எடுத்தாள்.

"சொல்லுங்க..."

"வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. விவாகரத்து வேணுமாமே உனக்கு?"

"நான் என்ன சொல்றேன்னா..."

"பேசாத. வரேன். உன்னையும் நீ பெத்த அந்தக் குட்டியையும் தீர்த்துட்டு, அப்புறமா கையெழுத்துப் போடறேன்."

லைன் கட்.

வெறும் மிரட்டல் இல்லை. போன தடவை லீவில் வந்தவன், அவள் தோள்பட்டையை இறக்கிவிட்டுத்தான் திரும்பினான். ஆபீஸில் கேட்டதற்கு, பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிச் சமாளித்தாள். வீட்டு அசிங்கத்தை வெளியே சொல்வதாவது என்று ஒரு வீம்பு அவளுக்கு.

டிக்கெட் போட்டே பழகிய மூளை, தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது.

அவன் ஊர் ஏர்போர்ட்டிலிருந்து இந்த ஊருக்குப் பதிமூவாயிரம் கிலோமீட்டர். நேர் விமானம் கிடையாது. பறப்பது பதினாறு மணி நேரம், நடுவில் விமானம் மாறக் காத்திருப்பது நாலு மணி நேரம். இந்த நிமிஷமே கிளம்பினாலும் நாளைக் காலையில்தான் இங்கே கால் வைப்பான்.

போதும். பாப்பாவை ஸ்கூலிலிருந்து அழைத்துக்கொண்டு, மத்தியான பஸ்ஸில் தோழி வீட்டுக்கு ஓடிவிடலாம். அந்த விலாசம் அவனுக்குத் தெரியாது.

பக்கத்து சீட்டுப் பெண் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"யாருக்கா, மாமாவா? என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. தலைவலி. அரை நாள் லீவு சொல்லிடு."

"போங்க, போங்க. போய் நல்ல புடவையா கட்டிக்கங்க."

"எதுக்குடி?"

"சும்மாதான்க்கா..."

நின்று கேட்க அவளுக்கு நேரமில்லை. ஓடினாள்.

ஸ்கூல் வராந்தாவில் டீச்சர் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"நீங்களும் வந்துட்டீங்களா? பாப்பாவை அவங்கப்பா இப்பத்தானே கூட்டிட்டுப் போனாரு..."

"யாரு?"

"அவங்கப்பாதாம்மா. பெரிய பொம்மையோட வந்தாரு. பாப்பா ஓடிப்போய் கழுத்தைக் கட்டிக்கிச்சே."

பக்கத்து சீட்டுப் பெண்ணின் சிரிப்பும் புடவைப் பேச்சும் நினைவுக்கு வந்தன. ஆபீஸுக்குப் போன் அடித்தாள்.

"அக்கா, மாமா வந்துட்டாரா?" மறுமுனையில் பக்கத்து சீட்டுப் பெண் குதூகலித்தாள். "கல்யாண நாளுக்கு சர்ப்ரைஸா வரேன், அவகிட்ட மூச்சு விடாதேன்னாரு. ஸ்டாஃப் குடும்பத்துக்கு உள்ள சலுகையில நான்தான் டிக்கெட் போட்டேன். விடியக்காலையிலேயே இறங்கியிருப்பாரே... அக்கா? அழுறீங்களா? சந்தோஷத்துலயா?"

அவளைத் திட்டி என்ன பயன்? எதைச் சொல்லியிருந்தோம் அவளிடம்?

நடுவில் இன்னொரு அழைப்பு. அதே வெளிநாட்டு எண். வாட்ஸ்அப்பில் எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் அதே எண்தான் வரும் என்பது இப்போதுதான் உறைத்தது.

எடுத்தாள். பாப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. கூடவே, கதவு சரியாக மூடாத ஃபிரிட்ஜின் பீப்... பீப்... அவள் வீட்டு ஃபிரிட்ஜ்!

"தனியா வா. போலீஸோட வந்தா, நீ வர்ற வரைக்கும் குழந்தை இருக்காது."

"அவளை விட்டுடுங்க. நோட்டீஸை வாபஸ் வாங்கிடறேன். கால்ல வேணா விழறேன்..."

"விழலாம், விழலாம். உங்க ஆபீஸ் சர்வீஸ் பிரமாதம்டி. ஜன்னலோர சீட்டு." அவன் கொட்டாவி விட்டான். "வர்றப்ப எனக்கு ரிட்டர்ன் டிக்கெட்டும் போட்டுக்கிட்டு வந்துடு. ஒரு ஆளுக்குப் போதும்."