உட்கார்ந்தபடி மூவாயிரம் அடி

மாலை 4.10, திண்டிவனம். வீட்டு அலமாரியைத் திறந்த அஞ்சம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் கைக்கு அளவு பார்க்க வாங்கி வைத்திருந்த, மேல்கையில் போடும் தங்க வங்கியைக் காணோம். மூன்று மணிக்குக்கூட இருந்ததாம். பூட்டு உடையவில்லை. சாவியும் அரிசி டின்னுக்குள் புதைத்த இடத்திலேயே கிடந்தது.

5.05. விழுப்புரத்தில் மீட்டிங்கை முடித்துக்கொண்டு ஓடிவந்த எஸ்.ஐ. கலைமதி, அஞ்சம்மாளின் தையல் கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். மற்றவர்களுக்கு லீவு. தனியாகத் தைத்துக்கொண்டிருந்த செண்பகத்தின்மேல்தான் எல்லோர் விரலும் நீண்டது. பாவம், நாளைக்குக் கண்டமங்கலத்தில் அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்க்காரி இன்றிரவு ஸ்டேஷனில் உட்கார்ந்தால் மாப்பிள்ளை வீட்டார் வாசல்படி மிதிப்பார்களா? கலைமதிக்கு இருப்பே கொள்ளவில்லை.

அஞ்சம்மாளின் தம்பி நடராசன் முந்திக்கொண்டான். "என் கண்ணால பார்த்தேன் மேடம். மூணேகால் இருக்கும். எங்க ஊட்டுப் பின்பக்கமா ஜல்தியா போய்க்கினு இருந்தா. அக்கா பொங்கலுக்கு வாங்கிக் குடுத்த, நடக்கிற அடிய எண்ணுற பட்டை கையில மினுக்கிக்கினு இருந்துச்சு. எத்தினி அடி நடந்தான்னு அவ செல்போனையே பாருங்க!"

பார்த்தாள். மூன்று முதல் நான்கு மணிவரை 3,012 அடி நடந்ததாகக் காட்டியது.

"மாதா மேல சத்தியமா மிஷினை உட்டு எழுந்திரிக்கவே இல்ல மேடம்," என்று செண்பகம் அழுதாள்.

கண்ணைத் துடைத்த கைகளைக் கலைமதி கவனித்தாள். ஒரு கண்ணாடி வளையல்கூட இல்லை. நடராசனை வெளியே நிற்கச் சொன்னாள்.

"பட்டை எங்கக்கா?"

செண்பகம் குனிந்து புடவையை நாலு விரற்கடை தூக்கினாள். இடது கணுக்காலில் கறுப்புப் பட்டை இருந்தது. "பட்டு தைக்கிறப்போ கையில எதுவும் கூடாதுங்க. ஜரிகை மாட்டிச்சுன்னா இழை பிரிஞ்சிடும். தினம் கழட்டி மாட்டுறது பேஜாருன்னு முதல் நாளே கால்ல கட்டிக்கினேன்."

"உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் மிதிங்க."

மிஷின் கடகடத்தது. முக்காலியை விட்டு அசையாமலே எண்ணிக்கை 250 ஏறியது. ஒரு மணி நேரத்துக்கு? அஞ்சம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டாள்.

5.40. நடராசனை உள்ளே அழைத்தார்கள்.

"எந்தக் கையில இருந்துச்சு?"

"வலது கையில மேடம். நல்லாப் பார்த்தேன்."

"அது அவங்க கைக்கு ஏறினதே இல்ல நடராசன். நீங்க அவங்களப் பார்க்கவே இல்ல. ஊரெல்லாம் கையில கட்டுதேன்னு அடிச்சு உட்டீங்க. அரிசி டின்னுல சாவி இருக்கிறது தையல்காரிக்கு எப்படித் தெரியும்? கூடப்பொறந்தவனுக்குத் தெரியும். வங்கிய எடுத்தது நீங்கதான். எங்க?"

அவன் பார்வை வாசலில் நின்ற தன் ஸ்கூட்டர் பக்கம் போனது. சீட்டுக்கு அடியில், துண்டில் சுருட்டிய வங்கி கிடைத்தது.

"என்னை மன்னிச்சிடு செண்பகம்," என்று அஞ்சம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

செண்பகம் கையை விடுவித்துக்கொண்டு பட்டையை அவிழ்த்து மிஷின் மேல் வைத்தாள். "பதினோரு வருஷமா இங்கதான் தைக்கிறேன். எழுந்திரிக்கலன்னு நான் சொன்னேன், நம்பல. நடந்தேன்னு இது சொல்லிச்சு, நம்பிட்டீங்க. நீங்களே வெச்சிக்கோங்க."

பாதி தைத்த பிளவுஸை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். கலைமதி ஜீப் கதவைத் திறந்தாள். "ஏறுங்கக்கா. கண்டமங்கலம் போக ஆறரை விழுப்புரம் பஸ்ஸைப் பிடிச்சிடலாம்."