மிச்சப் பச்சை

காய்ந்து முடிந்த சுவரில், அவன் போடாத கோடு ஒன்று இருந்தது. அக்காவின் கட்டிலை ஒட்டி, படுத்திருக்கும் அவள் கண்மட்டத்தில், சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, தூரத்தில் நிலமும் வானமும் முட்டிக்கொள்வதுபோல. அவன் அதை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தான். நகத்தால் சுரண்டிப் பார்த்தான். போவதாக இல்லை. கோட்டுக்குக் கீழே அவன் அடித்த பச்சை கொஞ்சம் கறுத்திருந்தது; பெயிண்ட் வாடைக்குப் பதில் மழை ஓய்ந்த வயலின் மண்வாசனைதான் மூக்கில் ஏறியது.

"என்னடா முழிக்கிற? நீ போட்டதுதானே?" என்றாள் அக்கா.

ஆமாம் என்று சொல்லிவிட்டான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவன் அவன். தோளில் ஏணி இல்லாமல் அவனைப் பார்த்தவர் கிடையாது என்பதால் ஏணி என்பதே அவன் பெயராகிவிட்டது. அவனுக்கென்று மிஞ்சியிருப்பவள் அக்கா ஒருத்திதான். வேலை பார்த்த சலவைக்கடையில் ஈரத்தரை வழுக்கி விழுந்து, இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு அந்த ஒற்றை அறை வீட்டில் கிடக்கிறாள். நாளெல்லாம் அழுக்குச் சுவரையே பார்த்துக் கிடப்பவளுக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்றுதான், செத்துப்போன ஓவியரம்மாவின் வீட்டில் வெள்ளையடித்து முடித்த அன்று, மிச்சமிருந்த பச்சை டப்பா ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தான்.

அந்த வீட்டு நடையில் ஓவியரம்மாவின் படங்கள் வயசு வரிசையில் மாட்டியிருந்தன. எல்லாமே நிலமும் வானமும்தான். வாசல் பக்கம் இருந்தவை இளவயதில் போட்டவை: சாம்பலும் சேற்றுநிறமும், கறுப்புக் கோட்டால் இறுக்கிக் கட்டிய மரம், குடிசை, வரப்பில் எறும்பளவு ஆட்கள். உள்ளே போகப்போக மரம் நீலமானது, மண் சிவந்தது, கோடுகள் இளகின. ஆட்கள் முகம் போய் வெறும் தீற்றலானார்கள். கடைசி அறையில் நிறம் மட்டும்தான், ஒன்றன்மேல் ஒன்றாக அகலமான பட்டைகள். மரமில்லை, குடிசையில்லை.

கூட வந்த ஓவியரம்மாவின் தம்பி, வயதாக ஆகத் தன் அக்காவுக்குக் கோடு என்றாலே ஆகாமல் போய்விட்டது, நிறமே போதும் என்றுவிட்டாள் என்றார்.

"அப்ப அந்த ஆளுங்கல்லாம் எங்க சார் போனாங்க?"

வேடிக்கையாகத்தான் கேட்டான். அவர் சிரிக்கவில்லை. "உள்ளதான் இருக்காங்க," என்றார். டப்பாவைத் தன் கையாலேயே தூக்கிவந்து கொடுத்துவிட்டு, அவன் படி இறங்குமுன் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுவரில் கோடு வந்த மறுநாள், அதன்மேல் ஒரு மரம் நின்றது. ஏணி அதன்மேல் வெள்ளை அடித்தான். வெள்ளை காயுமுன்னே மரம் நீலமாக மேலே வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், தோள்பட்டை கழன்று விழுவதுபோலத் தேய்த்தான். உதிர்ந்த தூள் அக்காவின் போர்வையில் படிந்தது. தட்டிவிடப் போன அவன் கையை அவள் பிடித்துக்கொண்டாள். சுவரிலிருந்து காற்று வருகிறது, கால்வலியே தெரியவில்லை, கெடுக்காதே என்றாள்.

"ஜன்னல்கூட இவ்ளோ காத்து குடுத்ததில்லடா. நீ வீட்டுக்குக் கொண்டுவந்ததிலயே இதுதான் உருப்படி."

அவன் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் குளிர்ந்து, ஈரப் பெயிண்ட்போல வழுவழுத்தன. கையை உருவிக்கொண்டான்.

விளக்கை அணைத்தால் சுவர் வெறும் சுவராகத்தான் இருந்தது. அதையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டான். வெளிச்சம் பட்டால்தான் நிறம் வேலையைத் தொடங்கியது. அதனால் ஜன்னலில் சாக்கை வைத்து ஆணியடித்தான். நடுமத்தியானத்தில் இருட்டுக்குள் உட்கார்ந்து அக்காவுக்குச் சோறு ஊட்டினான். உயிரோடு இருக்கிறவளைப் பெட்டிக்குள் போட்டு மூடியதுபோல இருக்கிறது என்று அவள் திட்டித் தீர்த்தாள். மாவுக்கட்டோடு அவளைத் தூக்கி அங்கிருந்து வெளியே கொண்டுபோக இன்னொரு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு டிரைவர் விடிந்ததும் வேனோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை வெளிச்சம் உள்ளே வராமல் இருந்தால் போதும். கட்டிலின் கால்மாட்டில், ஏணியில் சாய்ந்தபடி, காவலுக்கு உட்கார்ந்தான். நாள் முழுக்கத் தேய்த்த உடம்பு. கண் அசந்துவிட்டது.

விழித்தபோது அறை பளீரென்று இருந்தது.

சாக்கு ஒரு மூலையில் தொங்கியது. அக்காவின் ஊன்றுகோல் ஜன்னலடியில் கிடந்தது. படுத்தபடியே நெம்பியிருக்கிறாள்.

"அக்கா?"

"இங்கதான்டா இருக்கேன்." சாதாரணமான குரல். எந்தப் பக்கத்திலிருந்து என்றுதான் பிடிபடவில்லை.

எழுந்து தலைமாட்டுக்குப் போனான். அங்கிருந்த சொம்பின்மேல் கை பட்டது. பட்டதா? சொம்புக்கு வாய் இல்லை. மினுமினுக்கும் ஒரு சாம்பல் மட்டும். அதற்கும் சுவருக்கும் நடுவே எல்லை இல்லை. அக்காவின் கையைத் தேடினான். விரல்களுக்கு இடையே சந்து இல்லை. முகத்தில் புருவம் இல்லை. உதட்டுக்கு ஓரம் இல்லை.

கீழே, காலைத் தேடினான்.

மாவுக்கட்டு இருந்தது. வெள்ளையாக. விளிம்போடு. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான். இழுத்தான். வெள்ளை வந்தது. வெள்ளை மட்டும். நீளமாக. தீற்றலாக.

"மெல்லடா. கூசுது."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. உதடு எங்கே என்று தடவிப் பார்க்கப் பயமாக இருந்தது.

வெயில் ஏறியது.

கட்டில் இல்லை. தலையணை இல்லை. கீழே சிவப்பு. மேலே நீலம். நடுவே, அகலமாக, ஓரமே இல்லாமல், பச்சை.

அது மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.