கருவிழியோரம் ஒரு செம்பு வளையம்

மழைக்கு ஒதுங்கியவர்களால் மூக்குக்கண்ணாடிக் கடை நிரம்பியிருந்தது. அவன் உள்ளே வந்த வேகத்தில் ஃபிரேம் தட்டு சரிந்தது... கை வெடவெடவென்று நடுங்கியது, நாக்கு குழறியது. அடுத்த தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவனாம். திருகாணி கைக்கு நிற்கவில்லை, கண்ணில்தான் கோளாறு, உடனே பவரை மாற்று என்று எரிந்து விழுந்தான்.

கண் பரிசோதிப்பவள் அவள். வாய்த்துடுக்குக்குக் குறைவில்லை.

"குடிச்சிட்டு வந்தா பவர் சரியா வராதுங்க. தெளிஞ்சதும் வாங்க."

கடையே சிரித்தது. அவன் தலை கவிழ்ந்தது. கூட வந்த அக்காதான் மெல்லச் சொன்னாள், தம்பி குடித்ததே இல்லையாம். ஒரு வருடமாகத்தான் இந்த முன்கோபம்... அம்மாவிடம்கூடக் கத்துகிறான், ஆளே மாறிவிட்டான்.

பரிசோதிப்பவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அவனை விளக்குக் கருவியின் முன் உட்கார வைத்தாள். கருவிழியின் ஓரத்தில் பொன்பழுப்பாய் மெல்லிய வளையம்... படித்திருக்கிறாள், பார்த்ததில்லை. உடம்பு வெளியேற்றாத செம்பு ஈரலில், மூளையில், கண்ணில் படியும் அபூர்வ நோய். கையை நடுக்கும், குணத்தையும் புரட்டிப்போடும். விளக்கை அணைத்துவிட்டு நேராகப் பார்த்தாள். அழாமல் இருக்கப் பாடுபடும் கண்கள்...

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். மன்னிப்பு மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கடிகாரக் கடை பூட்டியே கிடந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் கேட்டு, கூசிப்போவாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவன் நிதானமாகக் கதவைத் திறந்து வந்தான். அன்று போலவே கடை நிறைய ஆட்கள். அதுவும் நல்லதுதான் என்று நினைத்தாள்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்கள குடிகாரன்னு சொன்னேன். இன்னிக்கும் எல்லார் முன்னாடியும்தான் கேக்கறேன்... மன்னிச்சிடுங்க."

அவன் காது மடல் சிவந்தது. அவனுமே அம்மாவிடமும் அக்காவிடமும் மன்னிப்புக் கேட்டு மாளவில்லையாம். எதை நோய் பேசியது, எதை அவனே பேசினான் என்றே தெரியாமல் வெட்கிக் கிடந்தானாம்... பிறகு குரல் தணிந்தது.

"அன்னிக்கு விளக்க அணைச்சிட்டு என்னப் பாத்தீங்களே... அதுலேர்ந்து ஒரே உங்க நினைப்பு. அதுவும் நோய்தான்னு நினைச்சு வாயத் திறக்கல. மாத்திரையில கோபம் போச்சு, நடுக்கமும் குறைஞ்சிடுச்சு..."

"அந்த நினைப்பு?"

"அது மட்டும் போகலங்க."

"அதுக்கு மட்டும் மாத்திரை கேட்டுடாதீங்க" என்றாள். கடையே காது கொடுத்துக்கொண்டிருந்தது... அவளுக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை.