விலக்கு முத்திரை

காலை ஒன்பது மணிக்கே வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. கிண்டி அலுவலகத்துக்குப் போகும் குளிரூட்டிய பாதையான குளிர்வழியின் கண்ணாடிக் கதவருகே ஜெசிந்தா மணிக்கட்டை நீட்டினாள். அதிலிருந்த கருவியைக் கதவு வாசித்தது: பூட்டு உண்டு, மென்பொருள் புதியது, யாரும் உள்ளே கைவைக்கவில்லை. இணக்கம். கதவு திறந்தது.

அந்தக் கதவுச் செயலியைச் சோதிப்பதுதான் அவள் வேலை. ஒவ்வொரு புதிய பதிப்பையும் முதலில் பாவனைக்கருவியில் ஓட்டிப் பார்ப்பாள். பழைய ஆட்கள் எமுலேட்டர் என்பார்கள். திரைக்குள் மட்டுமே வாழும் போலிக் கைபேசி. அதற்கு உடம்பில்லை, உடம்புக்குள் பதித்த பாதுகாப்புச் சில்லும் இல்லை. எனவே இணக்கச் சரிபார்ப்பில் அது தோற்றே தீரும். மணிக்கொருமுறை மையக் கணினி எல்லாக் கருவிகளையும் சரிபார்க்கும் முன் சோதனையாளர் அதன்மேல் விலக்கு முத்திரை குத்திவிட வேண்டும். தோற்ற பிறகு குத்துவதென்றால் கொள்கைத் தலைவரின் கையெழுத்து வேண்டும்.

ஒருவர் பெயரிலுள்ள கருவிகளில் ஒன்று தவறினாலும் ஆள் மொத்தமாகத் தவறியவர். முன்பு இரண்டு நாள் அவகாசம் இருந்தது. அதைப் பூஜ்யமாக்கியவர் கொள்கைத் தலைவர் ரகோத்தமன்.

போன சித்திரையில் ஜெசிந்தாவின் தம்பி அந்தோணியை இதே கதவு வெளியே நிறுத்தியது. வீட்டு இழுப்பறையில் அவன் மறந்துபோன பழைய கைபேசி ஒன்று இன்னும் அவன் பெயரில் இருந்தது. இணக்கமற்றவர் பக்கத்தில் நின்றால் கதவு உள்ளிருப்பவர்களுக்கும் அசையாது. ஜெசிந்தா ரகோத்தமனை அழைத்துக் கெஞ்சினாள்.

“ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா அது கொள்கையே இல்லம்மா. படிவம் போடுங்க.”

இருபத்தாறு நிமிடம். அந்தோணி வெயிலிலேயே செத்துப்போனான். உள்ளே பதினோரு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இன்று பதினொன்றரைக்கு ரகோத்தமன் விருந்தினர்களுக்குப் புதிய பதிப்பைப் பாவனைக்கருவியில் காட்ட வேண்டியிருந்தது.

“சோதனைக் கணக்கு காலாவதி ஆயிடுச்சு சார். புதுசுக்குப் பத்து நிமிஷம் ஆகும்.”

“அவங்க உக்காந்திருக்காங்கம்மா. என் கணக்குலயே போறேன்.”

அவசரத்தில் எல்லா மேலதிகாரிகளும் செய்கிற தவறுதான். பாவனைக்கருவி அந்த நொடியே ரகோத்தமன் பெயரில் பதிவானது. வழக்கமாக ஜெசிந்தா சத்தமில்லாமல் முத்திரை குத்திவிடுவாள். பன்னிரண்டுக்குச் சற்று முன் அவர் விருந்தினர்களை வண்டியேற்ற வெளியே போனார். முத்திரைமேல் வைத்த விரலை அவள் எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு அடித்தது.

பன்னிரண்டேகாலுக்கு அழைப்பு வந்தது.

“ஜெசிந்தா, கதவு திறக்க மாட்டேங்குது. என்னன்னு பாரும்மா.”

“உங்க பேர்ல ஒரு கருவி இணங்கல சார்.”

“என்கிட்ட ஒண்ணுதானே இருக்கு… அட, அந்த எமுலேட்டர். முத்திரை போட்டுவிடு.”

“படிவம் இருக்கு சார். கொள்கைத் தலைவர் கையெழுத்து வேணும்.”

“நான்தானேம்மா அது.”

“நீங்க இப்ப இணக்கத்துல இல்ல சார். உங்க கையெழுத்து செல்லாது.”

“உன் தம்பி விஷயமா?”

“அவன் பேரு அந்தோணி. அன்னைக்கு நீங்க கேக்கல.”

அழைப்பைத் துண்டித்துவிட்டு, கதவு தெரியும் இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் ஓராண்டாகக் கனன்றது இதமாக இருந்தது. அவர் கண்ணாடியைத் தட்டினார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். பதினெட்டாம் நிமிடத்தில் சரிந்து உட்கார்ந்தார். அந்தோணிக்கு எத்தனையாவது நிமிடத்தில் கால் மடங்கியது என்று அவளுக்குத் தெரியாது. அவள் அப்போது படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

போதும் என்று தோன்றியது. பாவனைக்கருவியை அழித்தாள். திரை பதில் சொன்னது: அழிக்கப்பட்டது. அடுத்த சரிபார்ப்பு இருபத்தேழு நிமிடத்தில்.

புதிதாகச் சேருபவர்களுக்கு அவளே நாள்தோறும் விளக்குகிற விஷயம். அழித்தாலும், மையம் மறுபடி பார்க்கும்வரை ஆள் தவறியவர்தான்.

கதவுக்கு ஓடி மணிக்கட்டை வைத்தாள். அசையவில்லை. மறுபக்கம் ரகோத்தமனின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் ஆட்கள் கூடினார்கள். “யாராச்சும் திறங்களேன்,” என்றது ஒரு குரல்.

ஓராண்டாக அந்தப் பதினோரு முகங்களைத்தான் அவள் சபித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் இப்போது பன்னிரண்டாவதாக அவள் முகமே தெரிந்தது.